படிக்க ஒரு வேதாகமம் வாங்கணும்: இருமொழியா, விளக்கவுரையா?

சென்னிமலை_தறி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றைக் கேட்கிறேன். என்னிடம் இருப்பது எங்க அய்யன் வைத்திருந்த பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) வேதாகமம், இரண்டு தடவை பைண்டிங் செய்தாயிற்று. தறிக்குடோனில் நைட் ஷிப்டு முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிப்பேன். எனக்கு வாய்த்த நேரம் அதுதான். சங்கீதம், சுவிசேஷம் எல்லாம் ஓடிவிடுகிறது. பவுல் எழுதிய கடிதமான ரோமர் நிருபம் வந்ததும் மூன்றாம் அதிகாரத்திலேயே நின்றுவிட்டேன். 3:25-ல் 'கிருபாதார பலி' என்று வருகிறது இல்லையா, சின்ன வயதிலிருந்து ஜெபத்திலும் பிரசங்கத்திலும் கேட்ட வார்த்தைதான், ஆனால் என் மகள் "அப்பா, அப்படின்னா என்னங்கப்பா" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு நல்ல படிப்பு வேதாகமம் வாங்கலாம் என்று இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். தங்கச்சி மகன் தமிழும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இருமொழி வேதாகமம் வாங்கச் சொல்கிறான். சபையில் ஒரு அண்ணன் அடியில் விளக்கம் போட்ட வேதாகமம்தான் வாங்கணும் என்கிறார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுதான். எதை வாங்கட்டும்?

கோபி_வாத்தியார்:

விளக்கவுரைதான் தம்பி. புரியாத இடத்துக்கு நேர் கீழே அர்த்தம் இருக்கும், வேறென்ன வேணும். ஷிப்டு முடித்து வருகிற ஆளுக்கு நாலு புத்தகம் விரித்துப் படிக்க ஏது நேரம்?

தாராபுரம்_டீச்சர்:

தம்பி, உங்கள் மகள் கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் எனக்கு ஓடாது. கிருபை, ஆதாரம், பலி மூன்றையும் ஒட்டிச் செய்த சொல் அது. கிருபைக்கு ஆதாரமான பலி. சரி, இது பாதி. இப்போது 1995-ல் வந்த திருவிவிலியம் என்கிற தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து அதே ரோமர் 3:25-ஐப் பாருங்கள், 'கழுவாய்' என்று போட்டிருப்பார்கள். கழுவாய் என்றால் செய்த குற்றத்தைக் கழுவிக்கொள்ளும் வழி. புறநானூற்றிலேயே இருக்கிற சொல். ஒரு பெயர்ப்பு பலி என்கிற பக்கத்தைக் காட்டுகிறது, இன்னொன்று கழுவுவது என்கிற பக்கத்தைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்து மகளிடம் சொன்னாலே பிள்ளைக்குப் பாதி விளங்கிவிடும்.

மிச்சப் பாதிக்கு எபிரெயர் 9:5-க்குப் போங்கள். அங்கே 'கிருபாசனம்' என்று இருக்கும், உடன்படிக்கைப் பெட்டியின் மேல் மூடி. பிரதான ஆசாரியன் வருடத்துக்கு ஒரு நாள் இரத்தத்தைக் கொண்டுபோய்த் தெளிக்கிற இடம், லேவியராகமம் 16-ல் முழுசாக இருக்கிறது. ரோமரில் வரும் கிரேக்கச் சொல்லும் எபிரெயரில் வரும் கிரேக்கச் சொல்லும் ஒன்றேதான், ஹிலாஸ்டேரியோன். தமிழில் இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டதால் நமக்குத் தெரியாமல் போகிறது. இப்போது மறுபடி ரோமர் 3:25-ஐ வாசியுங்கள்.

அதனால் என் கருத்து, முதலில் இரண்டு பெயர்ப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் நிம்மதியாக வாசித்துக்கொண்டே போகலாம், எங்கே விலகுகிறதோ அங்கே நில்லுங்கள். விளக்கவுரையைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். அதற்கு முன்னால் திறந்தால் நீங்கள் யோசிக்கிறதற்கு முன்பே இன்னொருவர் யோசித்து முடித்துவிடுகிறார். ஆங்கிலம் சரளமாக வராதபோது இருமொழி வேண்டாம். கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் அதே இடத்தில் 'ப்ரொப்பிஷியேஷன்' என்று இருக்கும், கிருபாதார பலிக்கு அர்த்தம் தேடிப் போய் அதைவிடக் கடினமான சொல்லில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஊத்துக்குளி_பேரன்:

டீச்சர் சொன்னதைப் போனிலேயே பார்த்தேன், புல்லரித்துவிட்டது. யூவெர்ஷன் ஆப்பில் தமிழ்ப் பெயர்ப்புகள் காசில்லாமல் கிடைக்கிறதுங்க, இரண்டைப் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். இரண்டாயிரத்தை மிச்சம் பிடிங்க அண்ணா.

கோபி_வாத்தியார்:

டீச்சரம்மா சொன்ன ஹிலாஸ்டேரியோன் அவருக்கு எப்படித் தெரிந்தது? யாரோ எழுதி வைத்த விளக்கத்தை வாசித்துத்தானே. நானும் அதைத்தான் சொல்கிறேன். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான், பிலிப்பு ஓடிப்போய் "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று கேட்கிறான். "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்பதுதான் பதில், அப்போஸ்தலர் 8:31. அந்த ஒருவன் நம் வீட்டு மேஜைக்கு வர மாட்டார். விளக்கவுரைதான் வரும்.

சொல் விளக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெயர்ப்பு எத்தனை வைத்தாலும் கிடைக்காத விஷயம் இருக்கிறது. மத்தேயு 18-ல் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான், ராஜா மன்னித்துவிடுகிறார். வெளியே வந்ததும் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் பல வருடம் 'பெரிய கடன், சின்னக் கடன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கவுரையில் ஒரு வரி படித்தேன். ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரியம், அதாவது வெள்ளிப்பணம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு முந்நூறு நாள் வேலை என்று வைத்தாலும் இரண்டு லட்சம் வருடம் தறி ஓட்டினால்தான் அடையும். மற்றவன் தரவேண்டியது நூறு நாள் கூலி. நம்ம ஊரில் தறிக்காரர் வாங்குகிற முன்பணத்தோடு சேர்த்து இதை நான் சொன்ன அன்றைக்கு, பின்வரிசையில் எப்போதும் சலசலவென்று பேசிக்கொண்டிருக்கும் பையன்கள் வாயைத் திறக்கவில்லை. நூறு நாள் கூலியும் சின்னக் காசு இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த உவமை வலிக்கிறது.

அப்புறம் ஒன்று, பழைய திருப்புதலில் மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டக் கூலி 'ஒரு பணம்'. 18-ல் 'வெள்ளிப்பணம்'. இரண்டும் அதே தெனாரியம்தான்.

தாராபுரம்_டீச்சர்:

வாத்தியாரே, அந்தக் கணக்கு அருமை. என் பெண்கள் ஐக்கியத்தில் நானும் சொல்லப்போகிறேன்.

ஆனால் நீங்களே பாருங்கள், அது எடை, காசு பற்றிய குறிப்பு. அதை யார் எழுதினாலும் ஒன்றுதான். எனக்குப் பயம் மற்ற வகைக் குறிப்புகள்மேல். வசனமும் குறிப்பும் ஒரே தாளில், ஒரே மையில், இரண்டு அங்குல இடைவெளியில் இருக்கும்போது வருடக்கணக்கில் வாசிக்கிறவருக்கு எது வசனம் எது குறிப்பு என்பது மறந்துபோகிறது. இது நான் கண்ணால் பார்த்தது. ஒரு வீட்டுக்கூட்டத்தில் ஒரு அம்மா 'வேதத்திலேயே இருக்குதுங்க' என்று சொல்லி வாசித்துக் காட்டினார், அது அடிக்குறிப்பு. யாராலும் அவரிடம் சொல்ல முடியவில்லை, அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது, அந்தக் குறிப்பை வைத்துத்தான் மகனுடைய கல்யாணத்தையே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. 1560-ல் வந்த ஜெனீவா வேதாகமத்தின் ஓரக்குறிப்புகள் ஜேம்ஸ் மன்னருக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் அவர் பெயரில் வழங்கும் 1611 ஆங்கிலப் பெயர்ப்புக்கு எபிரெய, கிரேக்கச் சொல் விளக்கம் தவிர வேறு ஓரக்குறிப்பே கூடாது என்று விதி வைத்தார்கள். அப்படியிருந்தும் பேராயர் அஷர் 1650-ல் வெளியிட்ட காலக்கணக்கு 1701 முதல் அதே வேதாகமத்தின் ஓரத்தில் ஏறிவிட்டது, உலகம் உண்டானது கி.மு. 4004 என்று. அச்சில் ஓரத்தில் நின்ற ஒரே காரணத்துக்காக அதை வசனம்போல நம்பியவர்கள் எத்தனை தலைமுறை! 1909-ல் ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் வந்தது, கடைசிக் காலத்தைப் பற்றி இன்றைக்கு நம் சபைகளில் கேட்கிற பல விஷயங்கள் அந்தக் குறிப்புகள் வழியாகப் பரவியவை. அவை சரியா தப்பா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. குறிப்புக்கு ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு சபை இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது. வாங்குகிறவர் முன்னுரையைத் திறந்து அந்த ஆள் யார் என்று பார்த்துவிட்டு வாங்கணும், அவ்வளவுதான்.

கோபி_வாத்தியார்:

முன்னுரையைப் பார்க்கணும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்ததில்லை இதுவரை.

செபமாலை_மகள்:

கருமத்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன், கத்தோலிக்க வீட்டுப் பெண். திருவிவிலியம் என்று பேச்சு வந்ததால் இரண்டு விஷயம். அது பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்தது, அதனால் உங்கள் சபையில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் சின்ன முன்னுரை இருக்கும், யார் எழுதியது, எந்தச் சூழலில், எப்படிப் பிரிந்திருக்கிறது என்று. முதன்முதலாக ஒரு நிருபத்தைப் படிக்கிறவருக்கு அந்த ஒரு பக்கமே பெரிய உதவி.

பெயர்கள்தான் உங்களுக்குத் தடுமாறும். ஆதியாகமம் எங்களுக்குத் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், உபாகமம் இணைச்சட்டம், பிரசங்கி சபை உரையாளர். எங்கள் பதிப்பில் 73 நூல், உங்களுக்கு 66. தோபித்து, மக்கபேயர், சீராக் போன்றவை கூடுதலாக இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

என் மாமியார் மற்ற சபையிலிருந்து வந்தவர், அவருக்கு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." எனக்கு "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொல்வோம். 'தாழ்ச்சி' என்பது குறைவுதான் என்று எனக்குத் தெரிந்ததே அப்படித்தான், அதுவரை யாரோ தாழ்த்துவது பற்றிச் சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

பவானி_ஜமுக்காளம்:

எல்லோரும் சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள், எழுத்தின் அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. நைட் ஷிப்டு முடிந்த கண் அது.

எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபிறகு ஆசையாக ஒரு இருமொழி வேதாகமம் இணையத்தில் வாங்கினேன். படத்தில் பிரமாதமாக இருந்தது. வந்ததைப் பிரித்தால் எழுத்து கடுகு மாதிரி, தாள் அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. திருப்பி அனுப்பக் கேட்டால் பிரித்த புத்தகத்தை எடுக்க மாட்டோம் என்றார்கள். அது அலமாரியில் இருக்கிறது, அம்மா பழையதையே லென்ஸ் வைத்து வாசிக்கிறார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும்.

காரணம் எளிது. இரண்டு பெயர்ப்பை ஒரே கட்டுக்குள் அடைத்தால் பக்கம் இரட்டிப்பாகும், எடை ஏறும், அதைக் குறைக்க எழுத்தைச் சுருக்குவார்கள், தாளை மெல்லிசாக்குவார்கள். விளக்கவுரை வேதாகமத்திலும் இதே கதைதான், அடிக்குறிப்பு எழுத்து வசனத்தைவிடச் சின்னதாக இருக்கும். அதனால் கடைக்கு நேரில் போங்கள். ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் இருக்கின்றன, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வந்தால் அங்கேயும் ஒரு சுற்றுப் பாருங்கள். புத்தகத்தின் நடுவில், சங்கீதத்தில் திறந்து மேஜைமேல் வைத்துப் பாருங்கள், தானாக விரிந்து படுத்திருக்கணும், மூடிக்கொள்ளக் கூடாது. ஒரு தாளைத் தனியாகத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். கடையில் ட்யூப் லைட் பளிச்சென்று இருக்கும், வீட்டில் நீங்கள் எந்த வெளிச்சத்தில் வாசிப்பீர்கள் என்பதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, ஒரே கட்டில் இரண்டு வேண்டாம், தனித்தனியாக இரண்டு வாங்குங்கள். வேதாகமச் சங்கத்துப் பதிப்புகள் விலை குறைவு. இரண்டு வாங்கினாலும் ஒரு பெரிய விளக்கவுரைப் பதிப்பின் விலை வராது.

சென்னிமலை_தறி:

ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன். மகளிடம் கழுவாயும் கிருபாசனமும் சொன்னேன், அவள் லேவியராகமம் 16-ஐத் தானே எடுத்து வாசித்துவிட்டு வந்து "அப்ப அந்த மூடி மேல இரத்தம் தெளிக்கிறதுதான் ரோமர்ல வருதுங்களா" என்று கேட்டாள். டீச்சரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம். பழைய திருப்புதல் என்கிறோமே, எவ்வளவு பழையது? அதை எதற்காக மாற்றிப் பார்க்கணும் என்று சபை அண்ணன் கேட்கிறார்.

தாராபுரம்_டீச்சர்:

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனரி சீகன்பால்க் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. பழைய ஏற்பாட்டை அவர் பாதியில் விட்டு இறந்துபோக, சூல்ட்சே முடித்தார். அதற்குப் பின் பப்ரிசியஸ், அப்புறம் ரேனியஸ் மொழிபெயர்த்தார்கள். நாம் இன்றைக்குக் கையில் வைத்திருக்கும் பழைய திருப்புதல் பவர் ஐயர் தலைமையில் 1871-ல் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டு நம் ஜனங்களின் ஜெபமே அந்தத் தமிழில்தான் நடந்திருக்கிறது, எனக்கும் மனப்பாடம் அதுதான், அதை விடச் சொல்ல எனக்கு மனமே வராது.

ஆனால் பழைய ஏற்பாட்டின் மிகப் பழைய பிரதிகள் அடங்கிய சவக்கடல் சுருள்கள் கிடைத்தது 1947-ல். கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிடும் வேலையும் 1871-க்குப் பிறகு எவ்வளவோ முன்னே போய்விட்டது. ஒரு இடம் காட்டுகிறேன். 1 யோவான் 5:7, பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று நம் வேதாகமத்தில் இருக்கும் வசனம் திருவிவிலியத்தில் அந்த உருவில் இருக்காது. பழமையான கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை. எராஸ்மஸ் என்கிற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது 1516, 1519 பதிப்புகளில் போடவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்கிற திரித்துவம் அந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கலங்கிப்போவார்.

பழையது பின்தங்கியது என்றும் நினைக்க வேண்டாம். யோவான் 21-ஐ எடுங்கள். இயேசு முதல் இரண்டு தடவை "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார், பேதுரு இரண்டு தடவையும் "உம்மை நேசிக்கிறேன்" என்கிறான். மூன்றாவது தடவை அவர் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று பேதுருவின் சொல்லையே எடுத்துக்கொள்கிறார். கிரேக்கத்தில் அகபாவோ, பிலேயோ என்று இரண்டு வினைகள், பழைய திருப்புதல் அதைத் தவறவிடாமல் பிடித்திருக்கிறது. கிங் ஜேம்ஸில் எல்லா இடத்திலும் ஒரே 'லவ்'தான்.

கோபி_வாத்தியார்:

இதில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். நான் இதை ஒருமுறை பிரசங்கமே செய்திருக்கிறேன், பிறகு இரண்டு விளக்கவுரைகளில் பார்த்தேன். யோவான் அந்த இரண்டு சொல்லையும் மற்ற இடங்களில் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார், பெரிய வித்தியாசம் தேடக் கூடாது என்கிறது ஒன்று. வித்தியாசம் உண்டு என்கிறது மற்றது. ஒரே விளக்கவுரை வைத்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

தாராபுரம்_டீச்சர்:

நியாயம். நானும் அந்த இரண்டாவது கருத்தைத்தான் படித்திருந்தேன், முதலாவதைப் படிக்கவில்லை. வித்தியாசம் பார்க்காதவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று முழுசாக எழுதுங்கள், எனக்கு வேணும்.

ஊத்துக்குளி_பேரன்:

வேதாகமத்தின் மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட ஸ்ட்ராங்ஸ் அகராதியில் அந்த இரண்டு வினைகளின் எண் 25, 5368, இரண்டையும் தட்டினால் எந்தெந்த வசனத்தில் எது வருகிறது என்று காட்டுகிறதுங்க. ஆனால் போனில் வாசிப்பதைப் பற்றி நான் முன்னால் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் அண்ணா. இந்த இழையைப் பார்த்து ஒரு வாரம் போனிலேயே காலையில் வாசித்தேன், யோவான் 21 முடிவதற்குள் மூன்று தடவை வேறு எங்கோ போய்விட்டேன். தேடுவதற்குப் போன் சரி, உட்கார்ந்து வாசிக்கப் புத்தகம்தான்.

சென்னிமலை_தறி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும், ஆர்டர் நெருக்கடி.

ஈரோடு போய் நேரிலேயே பார்த்து வாங்கினேன். பெரிய எழுத்துப் பழைய திருப்புதல் ஒன்று, ஒத்தவாக்கியம் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்) போட்டது. பவானிக்காரர் சொன்ன மாதிரி நடுவில் திறந்து வைத்தேன், அப்படியே படுத்தது. திருவிவிலியம் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து நான் ஒதுக்கியதில் பாதிக்கு மேல் மிச்சம். விளக்கவுரை வேதாகமம் ஒன்றையும் கையில் எடுத்து, முன்னுரையை நின்றபடியே வாசித்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வாத்தியார் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், மிச்சக் காசை ரோமருக்கு மட்டும் தனி விளக்கவுரை வாங்க வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்கிறதையே வாங்குகிறேன். அய்யனுடைய பழையதை மகளுக்குக் கொடுத்தாயிற்று, ஓரத்தில் அவர் பென்சிலில் எழுதி வைத்திருந்த தேதிகளை எல்லாம் அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ஒன்றைக் கண்டுபிடித்தோம், சரியா என்று டீச்சரம்மா சொல்லணும். 2 கொரிந்தியர் 5:20-ல் "நாங்கள் கிறிஸ்துவுக்காக ஸ்தானாபதிகளாயிருந்து" என்று இருக்கிறது, அடுத்த வசனத்திலேயே "நமக்காகப் பாவமாக்கினார்" என்று மாறிவிடுகிறது. நாங்கள் என்றால் பவுலும் கூட இருந்தவர்களும், கொரிந்தியர் சேர்த்தி இல்லை. நமக்காக என்றால் வாசிக்கிற நானும் சேர்த்தி. தங்கச்சி மகனிடம் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், இரண்டுக்கும் ஒரே சொல்தான் மாமா என்றான்.

அதற்கப்புறம் மகள் மாற்கு 4-க்கு ஓடினாள், படகில் புயல் வருகிற இடம். பழைய திருப்புதலில் சீஷர்கள் "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். இயேசுவும் அதே படகில்தானே இருக்கிறார், அவரை விட்டுவிட்டு ஏன் நாங்கள் என்றார்கள் என்று கேட்கிறாள். திருவிவிலியத்தில் பார்த்தால் "சாகப்போகிறோமே" என்று இருக்கிறது, அதில் நாமா நாங்களா என்று தெரியவில்லை. கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்று பிரிவு உண்டுங்களா?

தாராபுரம்_டீச்சர்:

கிரேக்கத்தில் அந்தப் பிரிவு இல்லை தம்பி. ஆங்கிலத்திலும் இல்லை. தமிழுக்கு வரும்போது மொழிபெயர்க்கிறவர் தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் வினைமுற்றோடு நிறுத்தித் தப்பிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை கேட்ட கேள்வியை நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. மத்தேயு 8:25, லூக்கா 8:24 இரண்டிலும் அதே சம்பவம் வருகிறது, இரண்டு வேதாகமத்திலும் எப்படி இருக்கிறது என்று அவளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.